ட்ரிப்பர் நிற்கிறது, ஆனாலும் ஷாக் அடித்தது ஏன்?

திருமங்கலத்தில் என் சித்தி வீடு. போன ஐப்பசியில் ஒரு நாள், வாஷிங் மெஷினிலிருந்து ஈரத் துணியை எடுக்கக் கை வைத்தவருக்குச் சுரீரென்று ஷாக் அடித்தது. கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்ததில் முழங்கை சுவரில் இடித்ததோடு தப்பித்தார். சித்தப்பா ஓடிப்போய் மெயின் போர்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ட்ரிப்பர் எல்லாம் அப்படியே நிக்குதே. பெரிய ஷாக்கா இருந்தா விழுந்திருக்கும். இது ஏதோ லேசாத்தான் அடிச்சிருக்கு."

சித்தப்பா எதையும் நாலு இடத்தில் விசாரித்து வாங்குகிற ஆள். வீடு கட்டும்போது நல்ல ட்ரிப்பராகக் கேட்டு வாங்கிப் போட்டவர். அவரே இப்படி நினைக்கிறார் என்றால் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'ட்ரிப்பர்' என்று ஒரே பெயரில் நாம் மூன்று நான்கு வெவ்வேறு பொருள்களைச் சொல்கிறோம். அவற்றில் ஒன்று ஒயரைக் காக்கிறது. இன்னொன்று ஆளைக் காக்கிறது. மற்றொன்று எதையும் காப்பதில்லை, ஆனால் பார்க்க அதே மாதிரி இருக்கும். சித்தி வீட்டுப் பெட்டியில் ஒயரைக் காப்பவை எட்டு இருந்தன. ஆளைக் காப்பது ஒன்றுகூட இல்லை. அவை விழாமல் நின்றதை வைத்து ஷாக் சின்னதா பெரியதா என்று எதுவும் சொல்ல முடியாது.

முதலில் கரண்ட் போகும் வழி

வீட்டு ஒயரிங்கில் மூன்று ஒயர்கள். கரண்டைக் கொண்டுவருவது ஃபேஸ். டெஸ்டர் வைத்தால் எரிவது இதுதான். வேலை முடித்த கரண்ட் திரும்பிப் போகும் வழி நியூட்ரல். மூன்றாவது எர்த். வீட்டுப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்த குழாயோடோ தகட்டோடோ அது இணைந்திருக்கும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் எர்த் ஒயரில் கரண்ட் போகாது. ஏதாவது தப்பு நடந்தால் அந்தக் கரண்ட் மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டும், அதற்குத்தான் அது.

கரண்ட் எவ்வளவு போகிறது என்பதை ஆம்பியரில் சொல்வார்கள். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிஆம்பியர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால், ஒரு சாமானின் வாட்டை 230 ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் ஏறக்குறைய வந்துவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 3000 வாட் கீசர் 13 ஆம்பியர். 7 வாட் எல்.இ.டி. பல்பு 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லிஆம்பியர். இந்தக் கடைசி எண்ணை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் கட்டை செய்த வேலை

பழைய வீடுகளில் வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கட்டை இருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் கம்பி சூடாகி உருகி அறுந்துவிடும். சுவருக்குள் இருக்கும் ஒயர் உருகுவதற்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் உள்ள கம்பி உருகட்டும் என்பதே ஏற்பாடு. எளிமையான, நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பி அடிக்கடி போகிறதே என்று, கையில் கிடைத்த ஒயரைப் பிரித்து நாலு இழையை முறுக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகாது, உண்மைதான். அதற்குப் பதிலாக இப்போது உருகக் காத்திருப்பது சுவருக்குள் இருக்கும் ஒயர்.

அந்தக் கம்பியின் வேலையை, மாற்றவே தேவையில்லாதபடி செய்யும் கருவிதான் எம்.சி.பி. வெப்பம், காந்தம் இரண்டாலும் இயங்கும் இந்த வகைக்கு ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஷ்டோட்ஸ் நிறுவனம் 1924 இல் காப்புரிமை வாங்கியது. ஃபியூஸ் இருந்த இடத்திலேயே திருகி மாட்டிக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள்.

எம்.சி.பி.: ஒயருக்குக் காவல்

எம்.சி.பி. என்பது மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர் என்பதன் சுருக்கம். பெட்டியில் வரிசையாக, விரல் அகலத்தில் நிற்பவை பெரும்பாலும் இவைதான். ஒவ்வொன்றும் வீட்டின் ஒரு பகுதி ஒயரிங்குக்குப் பொறுப்பு: ஹால் லைட்டு, சமையலறை பிளக் பாயிண்ட், ஏசி என்று. இதன் உள்ளே இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று நிதானமாக வேலை செய்யும், இன்னொன்று கண் இமைக்கும் முன் வேலையை முடித்துவிடும்.

நிதானமானதைப் பார்ப்போம். மொட்டை மாடியில் காயப்போட்ட அப்பளம் ஓரம் சுருண்டு வளைவதைப் பார்த்திருப்பீர்கள். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பக்கம் அந்த வேகத்துக்குச் சுருங்குவதில்லை, அதனால் வளைகிறது. எம்.சி.பி.க்குள்ளும் இப்படி வளையும் பட்டை ஒன்று உண்டு. இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து ஒட்டியது; ஈருலோகப் பட்டை என்று பெயர். கரண்ட் கூடினால் பட்டை சூடாகும். ஒரு உலோகம் அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும், பட்டை வளையும். போதுமான அளவு வளைந்ததும் ஒரு சிறு கொக்கியைத் தட்டிவிடும். கொக்கி விட்டதும் ஸ்பிரிங் இழுத்து இணைப்பைப் பிரித்துவிடும். இதைத்தான் 'விழுந்துவிட்டது' என்கிறோம்.

கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே லைனில் ஓடினால் நடப்பது இது. கீசர் 3000 வாட், அடுப்பு 2000 வாட், சேர்ந்தால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். அந்த லைனின் எம்.சி.பி. 16 ஆம்பியர் என்றால் அது உடனே விழாது. பட்டை சூடாக நேரம் வேண்டும். இதற்குத் தரநிலையில் கணக்கே இருக்கிறது: 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் சுமார் 18 ஆம்பியர் ஒரு மணி நேரம் போனாலும் அது விழக்கூடாது. சுமார் 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இவ்வளவு தாராளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஒயரும் உடனே சூடாவதில்லை, அதற்கும் நேரம் எடுக்கும். ஒயருக்கு ஆபத்து வருமுன் விழுந்தால் போதும். இந்தக் கணக்கெல்லாம் 30 டிகிரி சூட்டில் போட்டது. வெயில் படும் வெளிச்சுவரில் பெட்டி இருந்தால், சித்திரை மதியத்தில் அதே எம்.சி.பி. கொஞ்சம் குறைந்த கரண்டிலேயே விழுவதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது ஏற்பாடு காலிங் பெல் மாதிரி. 'டிங் டாங்' பெல்லை அழுத்தினால் உள்ளே செப்புச் சுருளில் கரண்ட் போய் அது காந்தமாகும். நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி துள்ளிப் போய்த் தகட்டைத் தட்டும். எம்.சி.பி.க்குள்ளும் அப்படி ஒரு சுருள். வழக்கமான கரண்டுக்கு அதன் இரும்பு அசையாது. ஃபேஸும் நியூட்ரலும் நேராகத் தொட்டுக்கொண்டால், அதாவது ஷார்ட் சர்க்யூட் ஆனால், கரண்ட் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். அப்போது இரும்பு துள்ளிக் கொக்கியைத் தட்டிவிடும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும்.

எத்தனை மடங்கு கரண்டுக்கு இந்தச் சுருள் துள்ள வேண்டும் என்பதைத்தான் எம்.சி.பி.யின் முகத்தில் எண்ணுக்கு முன்னால் உள்ள ஆங்கில எழுத்து சொல்கிறது. பி என்றால் எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கு. சி என்றால் 5 முதல் 10 மடங்கு. டி என்றால் 10 முதல் 20 மடங்கு. ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் கிளம்பும் அந்த முதல் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். அதை ஷார்ட் என்று நினைத்து விழுந்துவிடக் கூடாது என்பதால் நம் வீடுகளில் பெரும்பாலும் சி வகை போடுகிறார்கள். டி வகை பெரிய மோட்டார், வெல்டிங் மாதிரி வேலைகளுக்கு. வீட்டுக்கு அது வேண்டாம்.

இப்போது சித்தி கதைக்கு வருவோம். ஈரக் கையும் வெறும் காலுமாக நிற்கும் உடம்பு கரண்டுக்குக் காட்டும் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓம் என்பது தடையை அளக்கும் அலகு; வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர் வரும். 230 வோல்ட் அந்த உடம்பில் 0.23 ஆம்பியரைச் செலுத்தும். சில நொடி நீடித்தால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். ஆனால் அந்த லைனில் இருந்த 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.23 என்பது அதன் அளவில் எழுபதில் ஒரு பங்கு, ஒரு சின்ன ஃபேன் ஓடுவது மாதிரி. அதற்கு விழ ஒரு காரணமும் இல்லை. அது பழுதில்லாமல்தான் இருந்தது. அந்த வேலைக்கு அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எம்.சி.பி. இரண்டு விஷயங்களுக்கு விழும். லோடு அதிகமானால் மெதுவாக, ஷார்ட் ஆனால் உடனே. இரண்டுமே ஒயர் எரியாமல் இருப்பதற்காக. மனிதர் மேல் பாயும் கரண்ட் அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பெரிய எம்.சி.பி.யாக மாற்றலாமா?

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். "16 அடிக்கடி விழுது, 32 போட்டுக்கொடுங்க" என்று கேட்கிறார்கள், சிலர் போட்டும் கொடுத்துவிடுகிறார்கள். எம்.சி.பி.யின் எண் சாமானைப் பார்த்து முடிவு செய்வது இல்லை. சுவருக்குள் இருக்கும் ஒயரின் தடிமனைப் பார்த்து முடிவு செய்வது. வழக்கமாக லைட்டு, ஃபேனுக்குப் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், பிளக் பாயிண்டுக்குப் போகும் 2.5 ஒயருக்கு 16, ஏசிக்கும் பெரிய கீசருக்கும் இழுக்கும் 4 ஒயருக்கு 20 அல்லது 25 என்று போடுவார்கள். 2.5 ஒயருக்கு 32 ஆம்பியர் போட்டால், ஒயர் தாங்காத கரண்ட் மணிக்கணக்கில் போகும், எம்.சி.பி. சும்மா இருக்கும். நாலு இழை முறுக்கிப் போட்ட பழைய ஃபியூஸ் கட்டையின் தப்பு இங்கே புதுப் பெட்டிக்குள் திரும்ப வருகிறது.

அடிக்கடி விழுந்தால் அந்த லைனில் லோடைக் குறைக்க வேண்டும், அல்லது கீசருக்கோ அடுப்புக்கோ தனி ஒயர் இழுக்க வேண்டும். செலவுதான். ஆனால் வேறு வழி இல்லை.

ஐசோலேட்டர்: பார்க்க மட்டும்தான் ட்ரிப்பர்

பெட்டியின் ஒரு ஓரத்தில் இரட்டை அகலத்தில், சில சமயம் சிவப்புக் கைப்பிடியோடு ஒன்று இருக்கும். அதைத்தான் மெயின் என்போம். பல வீடுகளில் அது ஐசோலேட்டர், அதாவது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே சமயத்தில் கையால் பிரிக்கும் சுவிட்ச். உள்ளே பட்டையும் இல்லை, சுருளும் இல்லை. தானாக விழவே விழாது. எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது வீட்டையே அணைத்து வைக்க அது அவசியம். சித்தி வீட்டில் இதைக் காட்டித்தான், "மெயின்லயே பெரிய ட்ரிப்பர் இருக்கு" என்று சித்தப்பா ஆறு வருஷமாகத் தைரியமாக இருந்தார்.

ஆர்.சி.சி.பி.: ஆடு எண்ணும் கருவி

ஆளைக் காப்பது இதுதான். முழுப் பெயர் ரெசிடுவல் கரண்ட் சர்க்யூட் பிரேக்கர். மிச்சம் விழும் கரண்டைக் கண்டால் துண்டிப்பது என்று பொருள். மிச்சம் என்றால் என்ன?

காலையில் பட்டியிலிருந்து ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டும்போது ஒரு தரம் எண்ணுவார்கள். சாயங்காலம் அடைக்கும்போது இன்னொரு தரம் எண்ணுவார்கள். போனது நூறு, வந்தது நூறு என்றால் நிம்மதி. வந்தது தொண்ணூற்றொன்பது என்றால் ஒன்று வேறு எங்கோ போயிருக்கிறது. எங்கே போனது, யார் பிடித்தார்கள் என்பது பட்டி வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. குறைகிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரியும்.

ஆர்.சி.சி.பி. செய்வது அதே எண்ணிக்கைதான். ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். குறைந்தால், அந்தக் குறைந்த பங்கு வேறு ஏதோ வழியாக மண்ணுக்குப் போகிறது. ஈரச் சுவர் வழியாக இருக்கலாம், எர்த் ஒயர் வழியாக இருக்கலாம், ஒரு மனிதர் வழியாகவும் இருக்கலாம். இப்படி வழி தவறிப் போவதைத்தான் லீக்கேஜ், கசிவு என்கிறார்கள்.

எண்ணுவது எப்படி? உள்ளே மோதிரம் போல ஒரு வளையம், காந்தத்துக்கு இணங்கும் உலோகத்தில். ஃபேஸும் நியூட்ரலும் அதன் நடுவாகப் போகின்றன. ஒன்றில் கரண்ட் போகிறது, மற்றதில் வருகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை ஒன்று உண்டாக்கும் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். வளையம் அமைதியாக இருக்கும். ஒன்று குறைந்தால் வளையத்தில் காந்தப்புலம் மிஞ்சும். வளையத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய சுருள் அதை உணர்ந்து கொக்கியை விடுவிக்கும்.

வீட்டில் ஆள் பாதுகாப்புக்குப் போட வேண்டியது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. முன்பு சொன்ன 7 வாட் பல்பின் அளவு. அந்தப் பல்பு எடுக்கும் அளவு கரண்ட் வழி தவறினாலே வீட்டின் கரண்ட் நின்றுவிடும். தரநிலைப்படி 15 முதல் 30 மில்லிஆம்பியருக்குள் அது விழ வேண்டும். 30 இல் அதிகபட்சம் 0.3 நொடி, 150 மில்லிஆம்பியர் கசிந்தால் 0.04 நொடிக்குள். சித்திக்குப் பாய்ந்திருக்கக்கூடிய 230 மில்லிஆம்பியருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். இதயம் ஒரு முறை துடிக்கவே முக்கால் நொடிக்கு மேல் ஆகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். 30 மில்லிஆம்பியர் என்றால் உடம்பில் 30 மட்டும்தான் பாயும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உடம்பு அனுமதிக்கும் அளவு முழுக்கப் பாயும், ஷாக் நன்றாகவே அடிக்கும். ஆர்.சி.சி.பி. அதன் அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைக் குறைக்கிறது. உயிர் பிழைப்பது அந்த நேரக் குறைப்பில்தான்.

இதற்கும் தெரியாத ஒரு ஷாக் உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டு, காலடியில் நல்ல காய்ந்த பலகை இருந்தால், உடம்பு வழியாகப் போன கரண்ட் முழுசாக நியூட்ரலுக்கே திரும்பிவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும், விழாது. அதனால் "ஆர்.சி.சி.பி. இருக்கிறது" என்ற தைரியத்தில் மெயினை அணைக்காமல் ஒயரில் கை வைக்கக் கூடாது.

லோடு, ஷார்ட் இரண்டுக்கும் ஆர்.சி.சி.பி. விழாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் மேல் 40 ஏ என்று எழுதியிருந்தால் 40 ஆம்பியர்வரை அது தாங்கும் என்று அர்த்தம். 40 ஐத் தாண்டினால் விழும் என்று அர்த்தமில்லை. அதைக் காப்பாற்ற எம்.சி.பி. கூட இருந்தே ஆக வேண்டும். கடைகளில் இதை இன்னும் ஈ.எல்.சி.பி. என்று கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். அது எர்த் ஒயரில் ஏறும் வோல்ட்டைப் பார்த்து விழுந்த பழைய கருவியின் பெயர். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆக, எம்.சி.பி. எவ்வளவு போகிறது என்று பார்க்கிறது. ஆர்.சி.சி.பி. போனது திரும்பியதா என்று பார்க்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது, இரண்டும் வேண்டும்.

எர்த் இருந்தால் இது எதற்கு?

நியாயமான கேள்வி. வாஷிங் மெஷினின் இரும்பு உடம்பு எர்த்தோடு இணைந்திருந்தால், உள்ளே ஃபேஸ் ஒயர் தட்டியதும் கரண்ட் எர்த் வழியாகப் பாய்ந்து எம்.சி.பி.யை விழச் செய்யும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எர்த் குழி வழியாக மண்ணுக்குப் போகும் பாதையின் தடை 5 ஓம் என்றால் 230 ஐ 5 ஆல் வகுத்து 46 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. சுருள் துள்ளாது, பட்டை சூடாகிக் கொஞ்ச நேரத்தில் விழும். கோடையில் குழி காய்ந்து தடை 15 ஓம் ஆகிவிட்டால்? 15 ஆம்பியர்தான். எம்.சி.பி. விழவே விழாது. மெஷின் உடம்பில் கரண்ட் அப்படியே இருக்கும். அதே 15 ஆம்பியர் கசிவு ஆர்.சி.சி.பி.க்கு அதன் எல்லையைப் போல ஐந்நூறு மடங்கு. உடனே விழும், யாரும் தொடுவதற்கு முன்பே.

எர்த் இல்லாத வீட்டிலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் அங்கே கசிவுக்கு வழி இல்லாததால், யாராவது தொட்ட பிறகுதான் விழும். எர்த் இருந்தால் தொடுமுன் விழும். இந்த வித்தியாசத்துக்காகவாவது எர்த்தைச் சரிபார்த்து வையுங்கள். சித்தி வீட்டில் எலி வாஷிங் மெஷினுக்குள் ஒயரைக் கடித்திருந்தது. பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தபோது, பச்சை எர்த் ஒயர் இணைக்கப்படாமல் சுருட்டி உள்ளே தள்ளப்பட்டிருந்தது. ஆறு வருஷமாக அப்படியே. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆர்.சி.பி.ஓ., இன்னும் சில குறிகள்

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே உடம்பில் இருந்தால் அது ஆர்.சி.பி.ஓ. லோடு, ஷார்ட், கசிவு மூன்றுக்கும் விழும். வீடு முழுக்க ஒரே ஆர்.சி.சி.பி. இருந்தால், குளியலறையில் சின்னக் கசிவு வந்தாலும் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாம் நின்றுவிடும். குளியலறை, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஆர்.சி.பி.ஓ. வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. விலை கூடுதல். முடிந்தவர்கள் செய்யலாம்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் 30 மில்லிஆம்பியர் அல்லது 0.03 ஏ என்று இருக்க வேண்டும். 100, 300 என்றும் விற்கிறார்கள். அவை கசிவால் தீப்பிடிப்பதைத் தடுக்க. ஆளைக் காக்க அவற்றை நம்பக் கூடாது. 'ஏசி வகை', 'ஏ வகை' என்றும் இரண்டு உண்டு. இங்கே ஏசி என்பது குளிர்சாதனம் அல்ல, மாறுதிசை மின்சாரம். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் போல உள்ளே எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த சாமான்களில் கசிவு வேறு வடிவத்திலும் வரலாம் என்பதால் ஏ வகை நல்லது. எம்.சி.பி.யில் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருப்பது துண்டிக்கும் திறன்: ஷார்ட்டில் அத்தனை ஆம்பியர் பாய்ந்தாலும் தான் வெடிக்காமல் துண்டிக்கும் என்பதற்கான எண்.

டெஸ்ட் பட்டனும் நள்ளிரவும்

உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய அடையாளம், அதன் முகத்தில் உள்ள சின்ன டெஸ்ட் பட்டன். எம்.சி.பி.யிலும் ஐசோலேட்டரிலும் அது இருக்காது. அழுத்தினால் உள்ளேயே வேண்டுமென்று ஒரு சிறு கசிவை உண்டாக்கும், கருவி டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். வருஷக்கணக்காக அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிப்போகும் என்பதால் இதை அடிக்கடி அழுத்திப் பார்ப்பது அவசியம். அந்த ஷாக்குக்குப் பிறகு வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொண்ட சித்தி, அமாவாசைக்கு அமாவாசை அழுத்துகிறார். மறக்காமல் இருக்க அதுதான் அவருக்கு வசதி. பட்டன் வேலை செய்தால் கருவி சரியாக இருக்கிறது என்று தெரியும். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

புதிதாக ஆர்.சி.சி.பி. போட்டதும் "சும்மா சும்மா விழுகிறது" என்று கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது காரணமில்லாமல் விழுவது அபூர்வம். பழைய வீடுகளில் பெரும்பாலும் நியூட்ரல் கலந்திருக்கும்: ஃபேஸ் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகும், நியூட்ரலை எங்கோ பக்கத்து லைனிலிருந்து எடுத்திருப்பார்கள். இன்வெர்ட்டர் ஒயரிங்கில் இது சகஜம். ஆடு ஒரு வாசலில் போய் இன்னொரு வாசலில் வந்தால் எண்ணிக்கை எப்படிச் சரியாகும்? சித்தி வீட்டிலும் முதல் இரண்டு நாள் இதே கதைதான். எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர் நியூட்ரலைப் பிரித்துச் சரியான இடத்தில் கொடுத்ததும் நின்றது.

மற்றபடி விழுந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை முதலில் முழுக்கக் கீழே தள்ளி, பிறகு மேலே தூக்குங்கள். அப்போதே விழுந்தால் பெரும்பாலும் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அது எலக்ட்ரீஷியன் வேலை. நின்றால் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ, கசிவு அந்த லைனில். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதை ஏற்றிக்கொள்ளலாம். விழும் கைப்பிடியை மேலே அழுத்திப் பிடித்தோ கயிறு கட்டியோ பயனில்லை. கைப்பிடி மேலே இருந்தாலும் உள்ளே இணைப்பு பிரிந்துவிடும்படிதான் செய்திருக்கிறார்கள்.

கார்த்திகையில் விடாமல் மழை பெய்த ஒரு ராத்திரி, இரண்டு மணிக்கு வீடு இருண்டிருக்கிறது. சித்தப்பா டார்ச்சை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தார். காலையில் போனில் சொன்னார்: "அஞ்சாவதைத் தூக்கவும் டப்புன்னு விழுந்திருச்சுப்பா. மொட்டை மாடி லைன். அதை இறக்கி வெச்சிட்டுப் படுத்துட்டோம்." எட்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்து மாடி விளக்கின் பெட்டியைத் திறந்தார். உள்ளே கால் டம்ளர் மழைத் தண்ணீர்.